லீக்கேஜ் கரண்டும் ஒரு சிலிக்கான் கண்ணும்

எங்கப்பாவுக்கு ஈரோட்டில் மோட்டார் ரீவைண்டிங் கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய காயிலை வெட்டி எடுத்து, புதுசாகச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, கடைசியில் மெகர் வைத்துப் பார்ப்பார். அது சொல்வது பிடிக்கவில்லையென்றால் முகம் மாறிடும். "லீக்கேஜ் இருக்குது"ம்பார். மறுபடி பிரிக்க வேண்டியதுதான். கரண்ட் போகக்கூடாத இடத்தில் துளி போனாலும் அவருக்கு அது குற்றம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியது அந்தக் கடையில்தான். ஈ.சி.ஈ. எடுத்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் கல்லூரி. மாஸ்ஃபெட் பாடம். கேட்டில் கொடுக்கும் வோல்டேஜ் ஒரு எல்லையைத் தாண்டினால் ட்ரான்சிஸ்டர் ஆன். தாண்டாவிட்டால் கட் ஆஃப், கரண்ட் ஜீரோ. அப்பா கடையில் வளர்ந்த புத்தி சும்மா இருக்குமா? "ஜீரோவா சார், இல்ல ஏறக்குறைய ஜீரோவா?"ன்னு கேட்டேன். "பரீட்சைக்கு ஜீரோ" என்றார். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

அந்த "ஏறக்குறைய"வில்தான் இப்போ என் பொழைப்பு ஓடுகிறது. சூரிக்கில், இர்ச்செல் பூங்காவை ஒட்டின வளாகத்தில், நியூரோஇன்ஃபர்மேட்டிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டில் மாஸ்டர்ஸ். காலையில் எலியின் பார்வைப் புறணியைப் பற்றிப் பாடம், மத்தியானம் அனலாக் சர்க்யூட் லேப், சாயங்காலம் பைத்தானில் நியூரான் சிமுலேஷன். ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா கேட்பார்: "இஞ்சினீருக்குத்தான கண்ணு போன? இப்ப மூளைங்கற, செல்லுங்கற. டாக்டருக்கா படிக்கிற?" இல்லீங்ப்பா என்பேன். "அப்ப யாராவது கேட்டா என்னன்னு சொல்றது?" அதற்குத்தான் இன்னும் பதில் இல்லை.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்த மாசம் என் கையில் இரண்டு கடிதம். ஒன்று, சிப் டிசைன் கம்பெனி வேலை. இன்னொன்று, வேற ஊரில் ஒரு மூளை ஆராய்ச்சி லேபில் பிஎச்.டி. இடம். கோர்ஸ் முடிந்ததும் எஜுகேஷன் லோன் கழுத்தைப் பிடிக்கும். பதில் சொல்ல இரண்டு வாரம். ஒரு சீனியரிடம் புலம்பினேன். "உனக்கு மிஷா மஹோவால்ட் கதை தெரியுமா? பயாலஜி படிச்சிட்டு சிப்பு செஞ்சவங்க. தைரியமா தாவு"ன்னார். இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் பெயர் அது. தாவுறதுக்கு முன்னாடி அந்தக் கதையை முழுசாகப் படித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சீனியர் சொன்ன கதைக்கும் நான் படித்ததற்கும் கொஞ்சம் தூரம் இருக்கு.

கதையை மிஷாவிடமிருந்து ஆரம்பிக்க முடியாது. அவர் பிறந்தது 1963. 1960களின் பின்பாதியில் கால்டெக்கில் நடந்த ஒரு சிநேகிதத்தில் ஆரம்பிக்கணும்.

மாக்ஸ் டெல்ப்ரூக் என்று ஒருத்தர். 1906-ல் பெர்லினில் பிறந்தவர், இயற்பியல்காரர், 1937-ல் அமெரிக்கா போய் பாக்டீரியாவையும் அதைத் தின்னும் வைரஸையும் பிடித்துக்கொண்டவர். 1969-ல் மருத்துவ நோபல் வாங்கினார். இயற்பியலிலிருந்து உயிரியலுக்குத் தாவினவர்களுக்கெல்லாம் அவர்தான் மூத்த அண்ணன். அதே கால்டெக்கில் கார்வர் மீட் என்று ஒரு எலெக்ட்ரிகல் இஞ்சினியர், வயசில் டெல்ப்ரூக்குக்கு மகன் மாதிரி. படித்ததும் கால்டெக், வாத்தியாரானதும் கால்டெக். மூரின் விதி என்று நாம் இப்போ சொல்வதற்கு அந்தப் பெயரை வைத்தவர் என்று சொல்லப்படுகிறவர். நரம்பு செல்லின் சவ்வு வழியாக மின்சாரம் எப்படிப் போகிறது என்று டெல்ப்ரூக்குக்குக் கேள்வி. மீடுக்கு ட்ரான்சிஸ்டர் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து அதைத் தோண்டினார்கள்.

அவர்களைப் பிடித்து இழுத்த ஒற்றுமை என்னவென்று சொல்றேன். கொஞ்சம் பொறுமையா படிங்க, இந்தப் பதிவே இதன் மேல்தான் நிற்கிறது.

ட்ரான்சிஸ்டருக்குள் எலெக்ட்ரான்களுக்கு நடுவில் ஒரு மேடு இருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லை வோல்டேஜுக்குக் கீழே அந்த மேடு உயரமாக இருக்கும். ஆனால் சூட்டில் எல்லா எலெக்ட்ரானும் ஒரே வேகத்தில் ஓடாது. ரொம்பச் சூடான ஒன்றிரண்டு எப்படியோ ஏறி அந்தப் பக்கம் விழுந்துவிடும். அதுதான் லீக்கேஜ். கேட் வோல்டேஜைச் சிறிது ஏற்றினால் மேடு சிறிது இறங்கும். ஆனால் தாண்டும் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை சிறிது கூடாது, மடங்கு மடங்காகக் கூடும். அறை வெப்பத்தில், மிக நல்ல ட்ரான்சிஸ்டரில், 60 மில்லிவோல்ட்டுக்குப் பத்து மடங்கு.

இப்போ நரம்புக்குப் போங்க. 1952-ல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் பெரிய நரம்பிழையை அளந்து எழுதினார்கள். சவ்வு வோல்டேஜ் மாறும்போது சோடியத்துக்கு வழிவிடும் திறன் எப்படி மாறுகிறது? அதுவும் மடங்கு மடங்காகத்தான். சுமார் 4 மில்லிவோல்ட்டுக்கு 2.7 மடங்கு. சவ்வில் இருக்கும் கதவு மின்னேற்றம் உள்ள ஒரு புரதம். அது திறந்திருக்கிற வாய்ப்பை நிர்ணயிப்பதும் அதே மேடு, அதே சூடு, அதே போல்ட்ஸ்மன் கணக்கு. ட்ரான்சிஸ்டரில் ஒரு எலெக்ட்ரான் தனியாக ஏறுது, நரம்பில் ஆறு மின்னேற்றம் கைகோத்துக்கிட்டு ஏறுது. வித்தியாசம் அவ்வளவுதான்.

எங்க வகுப்பில் ஜீரோ என்று போட்டு அடித்துவிட்ட இடத்தில் மூளையின் கணக்கே உட்கார்ந்திருக்கு! இதை முதல் தடவை புரிந்துகொண்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. மிகைப்படுத்தலீங்க, நிஜமாவே.

ஆனால் மீட் உடனே மூளை பக்கம் ஓடிவிடவில்லை. அதைக் கவனிக்கணும். நடுவில் பத்து வருஷத்துக்கும் மேலே சிப் தொழிலின் நடுமையத்தில் இருந்தார். லின் கான்வேயுடன் சேர்ந்து எழுதின வி.எல்.எஸ்.ஐ. பாடப்புத்தகம் 1980-ல் வந்தது. அதுவரை சிப் வரைவது பெரிய கம்பெனிகளுக்குள் பொத்திவைத்த வித்தை. அந்தப் புத்தகம் அதை வகுப்பறையில் சொல்லித்தரக்கூடிய விதிகளாக மாற்றியது. அதோடு விட்டிருந்தால் பாதிக்கதை. வரைந்த சிப்பை யார் செய்து தருவார்? 1981-ல் மோசிஸ் என்று ஒரு சேவை வந்தது, அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிப் பணத்தில். பல பல்கலைக்கழக மாணவர்களின் வரைபடங்களை ஒரே சிலிக்கான் தட்டில் பக்கம் பக்கமாகப் போட்டு, செலவைப் பங்குபோட்டு, செய்து அனுப்பிவிடும். சீட்டுப் போட்டுப் பாத்திரம் வாங்குகிற மாதிரி. இது இல்லாமல் ஒரு பயாலஜி மாணவி சிப் செய்திருக்கவே முடியாது. மிஷா கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் வரி இதுதான்.

அதே 1981-ல் கால்டெக்கில் ஒரு பாடம் ஆரம்பித்தது, கணிப்பின் இயற்பியல் என்று. நடத்தினவர்கள் மூன்று பேர்: ரிச்சர்ட் ஃபைன்மன், ஜான் ஹாப்ஃபீல்ட், கார்வர் மீட். ஃபைன்மனைத் தெரியாதவர் இல்லை. ஹாப்ஃபீல்ட் திடப்பொருள் இயற்பியலில் ஆரம்பித்தவர். 1974-ல் செல்லுக்குள் புரதம் தயாராகும்போது பிழை எப்படி இவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் எழுதினார். 1982-ல் நினைவை ஒரு வலைப்பின்னலாகக் காட்டும் ஐந்து பக்கக் கட்டுரை எழுதினார். அதன் பலன் 2024 இயற்பியல் நோபல் வரை வந்தது. மூன்று பேரும் ஒரே வகுப்பில், மாணவர்கள் முன்னாடி. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பாடம் மூன்றாகப் பிரிந்து ஆளுக்கொரு வழி போனது. ஹாப்ஃபீல்டின் வழி நியூரல் நெட்வொர்க். மீடின் வழி, நரம்பு மாதிரி நடந்துகொள்ளும் அனலாக் சிப். 1986-ல் கால்டெக் இவற்றுக்கெல்லாம் சேர்த்து கணிப்பும் நரம்பு மண்டலங்களும் என்று தனியாக ஒரு பிஎச்.டி. பிரிவே தொடங்கியது.

இங்கே ஒரு சின்ன முணுமுணுப்பு. ஹாப்ஃபீல்ட் துறை மாறின கதையை எல்லா ஊக்கப் பேச்சிலும் கேட்கிறோம். அவர் அந்த ஐந்து பக்கத்தை எழுதும்போது வயசு 48. நிரந்தரப் பேராசிரியர். அமெரிக்க அறிவியல் கழக உறுப்பினர், அந்த உரிமையில் கழகத்தின் பத்திரிகையில் தானே தன் கட்டுரையைச் சமர்ப்பிக்க முடிந்தவர். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அந்த வயசில் சொகுசாக உட்காராமல் புதுக் கேள்வி தேடினது பெரிய விஷயம். ஆனால் லோன் கட்ட வேண்டிய 24 வயசுக்காரியிடம் "ஹாப்ஃபீல்ட் மாதிரி தாவு"ன்னா, கீழே வலை கட்டினவரைக் காட்டி வலையில்லாதவளைக் குதிக்கச் சொல்ற மாதிரி :-)

மிஷா என் வயசில் மாறினவர். அதனால்தான் அவர் கதை எனக்கு முக்கியமாகப் பட்டது.

மினியாபொலிஸ் ஊர்க்காரர். மிஷெல் என்பது முழுப்பெயர். கால்டெக்கில் 1985-ல் உயிரியல் பட்டம். பிறகு மீடின் குழுவில் ஆராய்ச்சி. அவர் எடுத்துக்கொண்ட வேலை விழித்திரையைச் சிலிக்கானில் செய்வது.

ஏன் விழித்திரை? வெயிலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறீர்கள். அதே பேப்பரை ராத்திரி விளக்கடியில் படிக்கிறீர்கள். வெயிலில் கறுப்பு எழுத்திலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி, ராத்திரி வெள்ளைக் காகிதத்திலிருந்து வரும் ஒளியை விட அதிகம். இருந்தும் எழுத்து கறுப்பாகவே தெரியுது, காகிதம் வெள்ளையாகவே தெரியுது. காரணம், கண் ஒளியின் அளவை மூளைக்கு அப்படியே அனுப்புவதில்லை. பக்கத்தோடு ஒப்பிட்டு அனுப்புகிறது. ஒளியை வாங்கும் செல் இருக்கு. அதற்குக் குறுக்கே கிடைமட்ட செல்கள் ஒன்றோடொன்று கைகோத்து சுற்றுவட்டாரத்தின் சராசரியை எடுக்கின்றன. இருமுனை செல் இரண்டையும் கழித்து வித்தியாசத்தைச் சொல்கிறது. பத்து கோடிக்கும் மேலான ஒளி வாங்கிகள், மூளைக்குப் போகும் இழைகளோ சுமார் 10 லட்சம்தான். கண்ணிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

மிஷா இதை அப்படியே சர்க்யூட்டாக எழுதினார். ஒளி வாங்கியின் இடத்தில், ஒளியை லாகரிதமாக மாற்றும் ஒரு ட்ரான்சிஸ்டர் அமைப்பு. கிடைமட்ட செல்லின் இடத்தில் அறுகோண வலையாக ரெசிஸ்டர்கள். இருமுனை செல்லுக்கு ஒரு கழித்தல் ஆம்ப்ளிஃபயர். எல்லாம் எல்லை வோல்டேஜுக்குக் கீழே, அதாவது எங்கப்பா மெகர் வைத்துத் தேடும் கரண்டில். 48-க்கு 48 புள்ளி. 1988-ல் மீடும் அவரும் சேர்ந்து எழுதின கட்டுரையில் இந்தச் சிப்பை விவரித்தார்கள். வெளிச்சமும் நிழலும் சேரும் விளிம்பில் நம் கண் இல்லாத பட்டைகளைப் பார்த்து ஏமாறும் இல்லையா, அதே ஏமாற்றத்தை இந்தச் சிப்பும் காட்டியது. கேமராவுக்கு அது பிழை. இவர்களுக்கோ சரியாகச் செய்திருக்கோம் என்பதற்குச் சாட்சி.

அந்த 1988 கட்டுரையில் பெயர் வரிசை மீட், மஹோவால்ட். 1991 மே மாசம் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் சிலிக்கான் விழித்திரை பற்றி வந்த கட்டுரையில் வரிசை மஹோவால்ட், மீட். நடுவில் மூன்று வருஷம். பேரு எங்கே வருதுன்னு பாக்கறது அற்பமான வேலை என்று சிலர் சொல்லலாம். ஆராய்ச்சி மாணவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்.

ஆனால் விழித்திரையை விட அவர் செய்த இன்னொன்றுதான் நிலைத்தது என்பது என் கட்சி. மூளையில் கம்பிக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு நியூரானுக்கும் தனி இழை. ஆனால் ஒவ்வொன்றும் மெதுவானது, விநாடிக்குச் சில நூறு துடிப்புக்கு மேல் போகாது. சிப்பில் தலைகீழ். வெளியே வரும் கம்பிகள் கொஞ்சம், ஆனால் பயங்கர வேகம். ஆயிரக்கணக்கான சிலிக்கான் நியூரான்கள் பேசுவதை ஒரு கைப்பிடிக் கம்பியில் எப்படி வெளியே கொண்டுவருவது?

எங்க ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு நடைமுறை உண்டு. எக்ஸ்ட்ரா ஆம்லெட் வாங்கினால் ரூம் நம்பரைச் சத்தம் போட்டுச் சொல்லணும். "நூத்திப் பன்னெண்டு!" கணக்கர் எழுதிக்கொள்வார். யார் வாங்கினது என்பது நம்பரில் இருக்கு. எப்போ வாங்கினது என்பது சத்தம் வந்த நேரத்தில் இருக்கு. வேற எதுவும் சொல்லவே தேவையில்லை. வாங்காதவள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. மிஷா தன் ஆய்வேட்டில் வளர்த்தெடுத்த முறை கிட்டத்தட்ட இதுதான். நியூரான் துடிக்கும்போது தன் முகவரியை மட்டும் பொதுக் கம்பியில் போடும். இரண்டு பேர் ஒரே சமயத்தில் கத்தினால் யார் முதலில் என்று முடிவுபண்ண நடுவில் ஒரு நடுவர் சர்க்யூட். முகவரி-நிகழ்வு முறை என்று தமிழில் சொல்லலாம். மூளையைப் போலச் செய்யும் சிப்புகளில் இன்றைக்கும் பெரும்பாலானவை ஒன்றோடொன்று இந்தப் பாஷையில்தான் பேசுகின்றன. இன்ஸ்டிட்யூட்டில் எனக்கு முதல் மாசம் கற்றுக்கொடுத்ததும் இதுதான். யார் செய்தது என்று அப்போ நான் கேட்கவே இல்லை.

அதே 1991 டிசம்பரில் ரோட்னி டக்ளஸுடன் சேர்ந்து நேச்சர் இதழில் ஒரு கட்டுரை, சிலிக்கான் நியூரான். செல்லின் ஒவ்வொரு அயான் கரண்டுக்கும் ஒரு சர்க்யூட். டெல்ப்ரூக்கும் மீடும் பேசிக்கொண்ட அந்தப் பழைய ஒற்றுமை இருபது சொச்சம் வருஷம் கழித்து ஒரு சிப்பாக வந்து நின்றது. 1992-ல் முனைவர் பட்டம், அந்தப் புதுப் பிரிவில். இரண்டு கண்ணால் ஆழம் பார்க்கும் சிப் வரை அந்த ஆய்வேட்டில் இருக்கு. பிறகு இங்கிலாந்து, ஆக்ஸ்ஃபோர்டு. டக்ளஸும் கெவன் மார்ட்டினும் அங்கே மூளைப் புறணியின் சுற்றுகளை உடற்கூறாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். 1995 கடைசியில் சூரிக் பல்கலைக்கழகமும் ஈ.டி.எச்.சும் சேர்ந்து இந்த இன்ஸ்டிட்யூட்டைத் தொடங்கியபோது அந்த இரண்டு பேரும் இயக்குநர்கள். மிஷாவும் கூட வந்தார். 1996-ல் தொழில்நுட்பத்தில் பெண்கள் என்ற சர்வதேச அமைப்பு தன் புகழ்ப்பட்டியலை ஆரம்பித்தபோது முதல் வரிசையிலேயே அவர் பெயர், இயற்பியலாளர் ச்சியென்-ஷியுங் வூவின் பெயரோடு.

அந்த வருஷம் டிசம்பரில், இதே சூரிக்கில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயசு 33.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு வெளியே போய்க் குளத்தைச் சுற்றி நடந்தேன். என் சீனியர் இதைச் சொல்லவில்லை. தாவின கதையில் இதைச் சேர்த்தால் கதை கெட்டுவிடும் என்று நினைத்திருக்கலாம். இன்னொரு பக்கம், இதை மட்டுமே பிடித்துக்கொண்டு மேதைமை, துயரம் என்று உருகி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கல. ஒரு மனுஷி ஏன் போனாள் என்று அவள் பயோடேட்டாவைப் பார்த்துக் காரணம் எழுதுவது அநியாயம். துறை மாறினதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போட நான் தயாரில்லை. ஆனா ஒன்று. அவர் வாழ்க்கையை எனக்கு உதாரணமாகக் காட்டினால், முழுசாகக் காட்டணும். பாதியை மட்டும் கத்தரித்து போஸ்டர் ஒட்டக்கூடாது.

வேலை என்ன ஆச்சு? உண்மையைச் சொன்னால், சிலிக்கான் விழித்திரை அந்த வடிவில் கடைக்கு வரவில்லை. காரணம் அதே லீக்கேஜ்தான். எல்லைக்குக் கீழே கரண்ட் மடங்கு மடங்காக மாறும் என்றேன் அல்லவா? அப்படியானால் இரண்டு ட்ரான்சிஸ்டருக்கு நடுவில் தயாரிப்பில் வரும் துளி வித்தியாசமும் மடங்கு மடங்காகப் பெருகும். ஒரே மாதிரி வரைந்த இரண்டு புள்ளிகள் ஒரே மாதிரி நடக்காது. சிப் கம்பெனிகள் அந்தப் பக்கம் போகாமல் இருந்தது முட்டாள்தனத்தால் இல்லை. மூளையிலும் எந்த இரண்டு செல்லும் ஒன்றில்லை, ஆனாலும் ஓடுகிறதே, பழகிக்கொள்ளும் சர்க்யூட் செய்தால் போதும் என்பது மீடின் வாதம். வாதம் நல்ல வாதம்தான். செய்து காட்டத்தான் வருஷங்கள் ஆயின. (மீடும் ஃபெடரிகோ ஃபாஜினும் 1986-ல் நியூரல் சிப் ஆசையில் தொடங்கின சினாப்டிக்ஸ் கம்பெனி, 1990களில் லேப்டாப் டச்பேட் செய்து பிழைத்தது. தப்பில்லை, நானும் அதைத் தடவித்தான் டைப் அடிச்சேன்.)

செய்து காட்டினவர்களில் ஒருத்தர் டோபி டெல்ப்ரூக். பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? மாக்ஸ் டெல்ப்ரூக்கின் மகன்தான். கால்டெக்கில் மீடின் மாணவர், மிஷாவின் சமகாலத்தவர், பிறகு சூரிக் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தார். பாட்ரிக் லிக்ஸ்டைனர், கிறிஸ்டோஃப் பாஷ் ஆகியோருடன் 2008-ல் அவர் எழுதின கட்டுரையில் ஒரு கேமரா. 128-க்கு 128 புள்ளி. படமே எடுக்காது. ஒவ்வொரு புள்ளியும் தன் மேல் விழும் ஒளி மாறினால் மட்டும் தன் நம்பரைக் கத்தும், அதாவது மிஷாவின் முகவரி பாஷையில். மாறாவிட்டால் மௌனம். புள்ளிகளுக்கு நடுவில் உள்ள ஏற்றத்தாழ்வை ஒரு கப்பாசிட்டர் தந்திரத்தால் கழித்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவை கத்தின பிறகும் புள்ளி தன் நிலையைப் புதுசாக ஜீரோ வைத்துக்கொள்ளும், பழைய கோளாறு கூட வராது. 15 மைக்ரோவிநாடிக்குள் பதில், 23 மில்லிவாட் செலவு. 2021-ல் சோனியும் ப்ரொஃபெசீயும் இந்த வகை சென்சாரைத் தொழிற்சாலைப் பொருளாகவே கொண்டுவந்தார்கள்.

இன்னொரு கிளை உயிரியலுக்கே திரும்பிப் போனது. மீடின் இன்னொரு மாணவர் ராகுல் சர்பேஷ்கர், முதலில் காதுக்குள் இருக்கும் நத்தையெலும்பைச் சிப்பில் செய்தவர். செல்லுக்குள் நடக்கும் வேதிவினைக்கும் எல்லைக்குக் கீழான ட்ரான்சிஸ்டருக்கும் அடியில் ஒரே போல்ட்ஸ்மன் கணக்குதான் என்று பிடித்துக்கொண்டு, மரபணுக்கள் ஒன்றையொன்று இயக்கும் வலையை சர்க்யூட்டாகச் செய்யலாம் என்று காட்டினார். 2010-ல் வந்த அவர் புத்தகத்தில் அதற்கு ஒரு பெரிய பகுதி. சிப் டிசைனரா, மூளை ஆராய்ச்சியாளரா, கணிப்பு உயிரியலாளரா? அப்பா கேட்டால் அவருக்கும் என் பதில்தான் இருக்கும்.

2016 முதல் இந்தத் துறையில் மிஷா மஹோவால்ட் பெயரில் ஒரு பரிசு தருகிறார்கள்.

இதையெல்லாம் படித்ததில் எனக்கு ஒன்று தெளிவானது. மிஷா தாவவில்லை. அவர் காலடி வைத்த இடத்தில் தரை இருந்தது. பத்து வருஷத்துக்கு மேலாகப் பழகின ஒரு சமன்பாடு, மூன்று வாத்தியார்கள் சேர்ந்து நடத்தின ஒரு வகுப்பு, சீட்டு முறையில் சிப் செய்து தந்த சேவை, பட்டத்துக்குப் பெயர்வைக்க ஒரு புதுப் பிரிவு. அவர் கெட்டிக்காரி, சந்தேகமேயில்லை. ஆனால் அதே கெட்டிக்காரி 1970-ல் அதே பயாலஜி பட்டத்தோடு வந்திருந்தால் என்ன செய்திருப்பார்?

அதனால் வெள்ளிக்கிழமை அந்த லேப் பேராசிரியருக்கு ஒரு மெயில் போட்டேன். தைரியம் பற்றி ஒரு வரி இல்லை. மூன்று கேள்வி. சிப் செய்ய உங்கள் ஆராய்ச்சிப் பணத்தில் இடம் உண்டா? இஞ்சினியரிங் பக்கம் இரண்டாவதாக ஒரு கைடு வைத்துக்கொள்ளலாமா? வேற துறையிலிருந்து வந்து உங்க லேபில் முடித்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களோடு பேசலாமா? அனுப்பின பிறகு ரொம்ப விவரமா கேட்டுட்டோமோன்னு வயிறு கலக்குச்சு. பதில் இன்னும் வரல.

ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் பண்ணினார். இந்தத் தடவை மூளை, செல் என்று ஆரம்பிக்கவில்லை. லீக்கேஜில் ஆரம்பித்தேன். ஆஃப் பண்ணின ட்ரான்சிஸ்டரில் ஒழுகுற கரண்டை வைத்தே கண்ணு மாதிரி ஒரு சிப்பு செஞ்சிருக்காங்கப்பா, நான் படிக்கிறது அதுதான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன்.

"எத்தனை ஆம்ப்பியர் கண்ணு?"

"நானோ ஆம்ப்பியருங்ப்பா. அதுக்கும் கீழ கூடப் போகும்."

"அதை எதுல அளக்கறது? நம்ம மெகர்ல காட்டுமா?"

"காட்டாதுங்ப்பா."

"ம்ம். அந்த அளவுக்கு அளக்கற மிசினு என்ன வெல இருக்கும்?"

சொன்னேன். ஒரு அதட்டல் மாதிரி சிரித்தார். பின்னால் யாரோ தண்ணி மோட்டாரை இறக்கிவைக்கும் சத்தம். "ஆள் வந்திருக்கு, வைக்கிறேன். எதுல சேர்றேன்னு அடுத்த வாரம் சொல்லு" என்று வைத்துவிட்டார்.